ஏழாம் ஜன்னல் திறந்த தேர்தல்

அந்த ஊரில் வேட்பாளர் மைக்கில் வாக்குக் கொடுத்த பாலம் அன்று சாயங்காலத்துக்குள் ஆற்றின் மேல் வந்து நின்றுவிடும். கைப்பிடிச் சுவர், விளக்குக் கம்பம், திறந்து வைத்தவர் பேர் பொறித்த கல் எல்லாம் சேர்த்தே வரும். ஓட்டு எண்ணி முடிந்து தேர்தல் அதிகாரி அதே மைக்கில் முடிவைப் படித்ததும் பாலம் போய்விடும். ஒருமுறை முடிவு படித்த நேரத்தில் நடுப்பாலத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த தபால்காரர் ஆற்றில் விழுந்தார். அவருக்கு நீச்சல் தெரியும் என்பதால் கடிதங்கள் மட்டும் நனைந்தன. அதற்குப் பிறகு எண்ணிக்கை நாளில் ஆற்றைக் கடக்க வேண்டியவர்கள் விடியும்போதே கடந்துவிடுவது வழக்கமாயிற்று. பள்ளிக்கூடம், குடிதண்ணீர்க் குழாய், தார் ரோடு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மூன்று வாரம் இருக்கும், பிறகு இருக்காது. ஆனால் அந்த மூன்று வாரத்தில் நடந்தது நடந்ததுதான். வாக்குறுதிப் பள்ளியில் எழுத்துக் கற்ற குழந்தைகள் எழுத்தை மறக்கவில்லை, குடித்த தண்ணீரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஆகவே அந்த ஊர்க்காரர்களைப் போலத் தேர்தலை நேசித்த மக்களை வேறெங்கும் பார்க்க முடியாது. கூட்டம் என்றால் குடத்தோடும் குழந்தை குட்டியோடும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, பேசுகிறவரை இடைமறித்து அளவு கேட்பார்கள். எத்தனை அடி அகலம், எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெரு வரைக்கும், தாரா சிமெண்டா என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் வருவதும் தெளிவில்லாமல் வரும். ஆயிரம் பேருக்கு வேலை என்று ஒருவர் பொத்தாம்பொதுவாகச் சொன்னதில் மைதானத்தில் ஆயிரம் நாற்காலிகள் மட்டும் வந்தன. பாலும் தேனும் ஓடும் என்று இன்னொருவர் வாய் தவறிச் சொல்லிவிட, மூன்று வாரமும் சாக்கடைகளில் பாலும் தேனும் ஓடி, எறும்பை ஒழிக்க இரண்டு மாதம் பிடித்தது. ஆவன செய்யப்படும், பரிசீலிக்கப்படும் என்ற சொற்களுக்கு லேசான மூடுபனி வரும், வெயில் ஏறியதும் கலையும். ஜெயித்தவர் மேல் ஊருக்கு எந்த ஆர்வமும் கிடையாது. அவர் போய்ச் சேர்ந்தால் இடைத்தேர்தல் வரும் என்ற ஒரே எண்ணம்தான். உறுப்பினர் லேசாக இருமினால்கூடத் தெருவே நின்று ஆசையோடு பார்க்கும்.

இத்தனைக்கும் மைக் தந்தவர் ஒருவர்தான். முப்பது வருடமாக ஊரின் எல்லாத் தேர்தலுக்கும் அவர் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபையர்தான், அவர் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்கள்தான். ஊர் அவரை மைக்செட்காரர் என்றே அழைத்தது. கடைத்தெரு மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. அங்கே அவரும் ஒரு தையல்காரரும் இருபத்திரண்டு வருடமாகச் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே கட்டில், துவைத்த துணியை ஒரே கொடியில் காயப்போடுவது. ஊருக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்வதில் ஊர் கெட்டிக்கார ஊர், கேட்டால் வாடகையைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள் என்று சொல்லிவிடும்.

மூன்று வருடத்துக்கு முன்பு தையல்காரர் கத்தரிக்கோலும் கையுமாகக் கடையிலேயே மயங்கி விழுந்தார். ஊர் ஆஸ்பத்திரி பழையது. அதைக் கட்டும்போது யாரும் வாக்குக் கொடுக்க மறந்துபோனதால் எல்லாத் தேர்தலுக்கும் பிறகும் அது அப்படியே நின்றது. அங்கே நர்ஸ், "நீங்க அவருக்கு யாரு?" என்று கேட்டபோது மைக்செட்காரர், "நண்பன்" என்றார். நண்பர்கள் படிக்கட்டில் உட்காரலாம் என்றார்கள். பத்தொன்பது வருடமாகத் தம்பியோடு பேசாத அண்ணனுக்கு ஆள் போயிற்று. அவர் மறுநாள் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதுவரை மைக்செட்காரர் படிக்கட்டிலேயே இருந்தார். ஊருக்கே கேட்கும்படி குழாய் கட்டிய மனிதனுக்குத் தன் வாயால் ஒரு உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லையே என்ற வெட்கம் அவரை அன்றிலிருந்து அரித்துக்கொண்டே இருந்தது.

இந்த வருடம் டாக்டர் தையல்காரரின் இதய வால்வை மாற்றியே ஆகவேண்டும் என்றார். அந்த அறுவை செய்யும் பெரிய டாக்டர் வெளியூரிலிருந்து மாதம் ஒருநாள்தான் வருவார். நோயாளியின் கையெழுத்து மட்டும் போதாது, மயக்கம் கொடுத்த பிறகு அவர் பேசமாட்டாரே, வெளியே சொந்தம் ஒன்று வேண்டும் என்றது ஆஸ்பத்திரி. அண்ணனிடம் கேட்டார்கள். "இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். அறுத்துப் பார்க்கிற வேலையெல்லாம் வேணாம்" என்றார் அண்ணன். மாதம் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று. மாடிப்படி ஏறத் தையல்காரர் நான்கு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. இதற்கிடையில்தான் உறுப்பினர் நிஜமாகவே இருமி, நிஜமாகவே போய்ச் சேர்ந்தார். அவர் ஒருவர் ஆதரவில் நின்ற அரசும் கூடவே கவிழ்ந்து, எல்லா இடத்துக்கும் தேர்தல் வந்தது. ஊர் முறைப்படி வருத்தப்பட்டது, குடங்களைத் துலக்கிவைத்தது.

போட்டி இரண்டு பேருக்குள்தான். ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் செங்கல் சூளை முதலாளி. பல் டாக்டருக்கு அவருடைய கட்சித் தலைமை பேச்சை எழுதி அனுப்பியது. அதில் நான்காம் பக்கம் தலைநகரத் தொகுதிக்குப் போக வேண்டியது. தபாலில் கட்டுகிறபோது கலந்துவிட்டது. பல் டாக்டர் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிறதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படித்தார். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்ந்தால் அவர்களையும் குடும்பமாகப் பதிவு செய்வோம், கணவன் மனைவிக்குள்ள எல்லா உரிமையும் அவர்களுக்கும் உண்டு, இது உறுதி. பின்னாலிருந்து ஒருவர், "சரி, பாலம் எத்தனை அடி?" என்று கேட்டார். மேடைக்குக் கீழே மைக்செட்காரருடைய கை அவரை அறியாமலே சத்தத்தைக் கூட்டியிருந்தது. அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

பதிவு அலுவலகத்தில் அதுவரை ஆறு ஜன்னல்கள்தான். அன்று சாயங்காலம் சுவரில் ஏழாவது வந்தது. கம்பி, பலகை, மைப்பெட்டி, ரப்பர் முத்திரை, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா எல்லாம் இருந்தன. பல் டாக்டர் பதறிப்போய் மறுநாள் மைக்கைப் பிடித்து, அதுபற்றி ஒரு குழு அமைத்து ஆராய்வோம் என்றார். அந்த ஊரில் மைக்கில் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. மேலே வேண்டுமானால் இன்னொன்றைச் சொல்லலாம். ஆகவே ஜன்னல் போகவில்லை. அதன் பக்கத்தில் ஒரு மேசையும், அதைச் சுற்றிப் பனிமூட்டத்தால் ஆன ஐந்து பேரும் வந்தார்கள். நாள் முழுக்க டீ குடித்தார்கள், ஒருவரையும் தொந்தரவு செய்யவில்லை. செங்கல் முதலாளி சும்மா இருப்பாரா? குடும்பம் என்ற கோயிலைக் காப்பேன், அந்த ஜன்னலை இழுத்து மூடுவேன் என்று முழங்கினார். இரண்டு வாக்குக்கும் மரியாதை கொடுத்து, ஜன்னல் காலை பத்திலிருந்து ஒன்று வரை திறந்திருந்தது, இரண்டிலிருந்து ஐந்து வரை மூடியிருந்தது.

முதல் நாள் யாரும் போகமாட்டார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். போனால் மாடியில் இருக்கும் அந்த இரண்டு பேர் போவார்கள், அவ்வளவுதானே என்றார்கள். பதினோரு மணிக்கு வரிசை பஸ் நிலையத்தைத் தொட்டது. ஆஸ்பத்திரியின் இரண்டு நர்ஸுகள், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் அவரோடு தினமும் நடைபோகும் டிரைவரும், செங்கல் முதலாளியின் சொந்தக் காரியதரிசி என்று ஊர் எதிர்பாராத முகங்கள். வரிசையைக் கண்டால் நின்றுவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஏதோ இலவசம் என்று நின்ற மாமன் மச்சான் இருவர் முத்திரை குத்துவதற்கு ஒரு நிமிடம் முன்புதான் விஷயம் தெரிந்து ஓடினார்கள்.

தையல்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு நகர்த்தி நகர்த்தி மைக்செட்காரர் ஜன்னலுக்கு வந்தார். "எத்தனை வருஷமா ஒண்ணா இருக்கீங்க?" என்று கேட்டார் குமாஸ்தா. இருபத்திரண்டு என்றதும் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்தார். "இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க? ஏன் பதியலை?" வாக்குறுதியில் பிறந்து ஒரு நாள் ஆன குமாஸ்தா என்றாலும் குமாஸ்தா குமாஸ்தாதான். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் மைக்செட்காரர் 'ஜன்னல் இல்லை' என்று எழுதினார். குமாஸ்தா அதைப் படித்துவிட்டு, காரணம் ஏற்கப்பட்டது என்று முத்திரை குத்தினார். சான்றிதழைத் தையல்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நல்ல தாளா இருக்குய்யா" என்று மட்டும் சொன்னார். வீடு வரும்வரை அதை மடியிலேயே வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பெரிய டாக்டர் அந்த மாதம் வரும் நாள், எண்ணிக்கை நாளாகவே அமைந்தது. இதைக் கேட்டதும் மைக்செட்காரர் சான்றிதழை எடுத்துப் பார்த்தார். முடிவு படித்த கணத்தில் வாக்குறுதிச் சான்றிதழ்கள் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். போன தேர்தலில் ஊருக்கு வந்த வீட்டுப் பட்டாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளைத் தாளாகிப் போயின. குழந்தைகள் அதில் படம் வரைந்தார்கள். அறுவை நடக்கும்போது சான்றிதழ் வெளுத்துவிட்டால், வெளியே நிற்பவன் மறுபடி நண்பன்தான். நண்பன் போடும் கையெழுத்து கிறுக்கலுக்குச் சமானம்.

அன்று காலை அவர் வழக்கம்போல எண்ணிக்கை மண்டபத்துக்குப் போய்க் குழாய்களைக் கட்டினார், ஆம்ப்ளிஃபையரைத் துடைத்து வைத்தார். அதற்கும் மைக்குக்கும் நடுவே போகும் முழ நீள ஒயர் ஒன்று, அவர் தன் கையால் முறுக்கி, இரண்டு முனையிலும் செருகும் பின்னையும் தானே கடைந்து வைத்தது. உலகத்தில் வேறெந்த ஒயரும் அதில் பொருந்தாது. அதைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

ஆஸ்பத்திரியில் சான்றிதழைக் காட்டினார். வாக்குறுதிக்காலத்துச் சட்டம் சட்டமே என்பதால் உறவு என்ற கட்டத்தில் துணைவர் என்று எழுதவிட்டார்கள். தையல்காரரை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது அவர், "இஸ்திரிப் பெட்டிய அணைச்சியா?" என்று கேட்டார். அணைத்தாயிற்று என்றதும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். பதினொன்றரைக்கு ஓட்டு எண்ணி முடிந்தது. தேர்தல் அதிகாரி முடிவுத் தாளை எடுத்துக்கொண்டு மைக் முன்னால் வந்து தட்டினார். சத்தமில்லை. ஊதினார், இருமினார், ஒன்றும் இல்லை. படியில் நின்று கத்திப் பார்த்தார். ஊர் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, மைக்கில் சொல்லுங்க என்றது. மைக்கில் சொல்லாத எதையும் அந்த ஊர் என்றைக்கும் நம்பியதில்லை. பாலம் அசையாமல் நின்றது.

அதிகாரி விசாரித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்தார். அதே நேரத்தில் அண்ணனும் செய்தி கேட்டு வந்து சேர்ந்தார். ஒயர் எங்கே என்றார் அதிகாரி. பையில் இருக்கிறது, உள்ளே இருப்பவர் கண் முழிக்கட்டும் சார் என்றார் மைக்செட்காரர். அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். முடிவை அறிவிக்க வேண்டும் என்று இருந்தது. எத்தனை மணிக்குள் என்று இல்லை. அவர் விதிக்கு வெளியே மூச்சுகூட விடாத மனிதர். ஆகவே தாளை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அப்போது கதவைத் திறந்துகொண்டு பெரிய டாக்டர் வந்தார். இன்னொரு வால்வும் போயிருக்கிறது, அதையும் சேர்த்து மாற்றாவிட்டால் செய்ததெல்லாம் வீண், உடனே ஒரு கையெழுத்து வேண்டும் என்றார்.

"நான்தான் கூடப் பொறந்தவன். போதும், மூடிடுங்க" என்றார் அண்ணன்.

"நான் அவரோட துணைவன். செய்யுங்க டாக்டர்" என்றார் மைக்செட்காரர். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அன்றைக்குச் சொல்ல வேண்டியது, மூன்று வருடம் தாமதமாக வந்தாலும் நடுங்காமல் வந்தது.

"எண்ணி முடிச்சாச்சு. இவர் கையில இருக்கிறது வெறும் காகிதம்" என்றார் அண்ணன். டாக்டர் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். எழுத்து இருந்தது. முடிவு வந்துவிட்டதா என்று கேட்டார். எல்லோரும் அதிகாரியைப் பார்த்தார்கள். யார் ஜெயித்தது, எத்தனை ஓட்டில் என்பதெல்லாம் அவர் மடியில் எழுத்தில் இருந்தது. அவர் தாளைக் கீழே கவிழ்த்து வைத்தார்.

"மைக்ல சொல்லலை" என்றார். "அப்ப வரலைன்னுதான் அர்த்தம்."

மைக்செட்காரர் கையெழுத்துப் போட்டார். அறுவை இன்னும் நான்கு மணிநேரம் நடந்தது. தையல்காரர் பிழைத்தார்.

அவர் வீடு திரும்ப ஒன்பது நாள் ஆயிற்று. மைக்செட்காரர் நாணயமானவர், ஒயரைக் கொடுத்துவிடத்தான் நினைத்தார். ஆனால் அதற்குள் ஊர் விழித்துக்கொண்டது. நான்காவது வாரமும் குழாயில் தண்ணீர் வருகிறதே, பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறதே என்று கண்டவர்கள் மாடிக்கு வந்து, உடம்பு முழுசாகத் தேறட்டும், என்ன அவசரம் என்று கேட்டுக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த மாடிப்படியை மிதிக்காதவர்கள் பழமும் கையுமாக வந்தார்கள். அவர்களுக்கு இந்த இருவர் மேல் திடீர்ப் பாசம் பொங்கிவிட்டது என்று சொன்னால் அது பொய். பாசம் தண்ணீர்க் குழாய் மேல்தான். ஆனாலும் பழம் நல்ல பழம். வேறு மைக்செட் வைக்கலாமே என்றால் ஒப்பந்தக்காரரை மாற்ற அரசாங்க உத்தரவு வேண்டும். உத்தரவு போட அமைச்சர் வேண்டும். அந்த ஓர் இடத்தின் முடிவு தெரியாமல் அமைச்சரவை அமைக்க முடியாதபடி மற்ற இடங்கள் சரிபாதியாக நின்றன. இப்படியே வருடம் பதினொன்று போயிற்று. தலைநகரிலிருந்து ஒருவர் வந்து, ஒயரைக் கொடுங்கள், புதிய அரசு இதையெல்லாம் சட்டமாகவே ஆக்கிவிடும், இது எங்கள் வாக்குறுதி என்றார். தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "வாக்குறுதி எங்ககிட்டயே இருக்கு. சட்டம் வரட்டும், அப்புறம் மைக்கைப் போட்டுக்கலாம்" என்றார். வந்தவர் போனார்.

வேட்பாளர்கள் இருவரும் பதினொரு வருடமாக வேட்பாளர்களாகவே இருக்கிறார்கள். தினமும் காலையில் கைகூப்பிக்கொண்டு தெருவில் வருகிறார்கள், குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். அவர்கள் தூக்கிய குழந்தைகள் சிலருக்கு மீசை அரும்பிவிட்டது. தான்தான் ஜெயித்திருப்பேன் என்று இருவரும் உறுதியாக நம்புகிறார்கள்; பார்த்துவிடலாம் என்று இருவரும் கேட்பதில்லை. ஏழாம் ஜன்னல் இன்றும் காலையில் திறந்து மதியம் மூடுகிறது. அதில் பதிந்த நர்ஸுகளுக்குள் ஒருமுறை மனவருத்தம் வந்து, பதிவை ரத்து செய்யவும் அதே ஜன்னல்தான் என்று தெரிந்துகொண்டு, நீண்ட படிவத்தைப் பார்த்துச் சலித்து வீடு திரும்பினார்கள்.

போன வருடம் மாடியில் இவர்களுக்குள்ளும் சண்டை வந்தது. மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபையரை வெட்டுமேசை மேல் வைத்து ஈயம் பற்றவைத்ததில், பள்ளிச் சீருடைக்கு அளந்து வைத்திருந்த நல்ல துணியில் ஓட்டை விழுந்தது. தையல்காரர் கேட்டார், மைக்செட்காரர் உன் துணி பெரிசா என் வேலை பெரிசா என்றார். இருபது முப்பது வருடத்துக் கணக்கெல்லாம் அதில் வெளியே வந்தது. தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவர் நான்கு நாளாக வீட்டுக்கு வரவில்லை. மைக்செட்காரர் ஒயரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு, இனிமே எனக்கு இது எதுக்கு என்று சொன்னதை யாரோ கேட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், ஊர் கதிகலங்கிவிட்டது. குழாயடிப் பெண்கள் மாடிக்குப் போய்ப் பேசினார்கள். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் ஓட்டை விழுந்த துணியையே சீருடையாக ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தார். செங்கல் முதலாளி கைகூப்பியபடி கடை வாசலில் நின்று, குடும்பம்னா முன்னப் பின்ன இருக்கும், விட்டுக்கொடுத்துப் போறதுதான் அழகு என்று கண்கலங்கினார். அந்த ஊரில் எந்தத் தம்பதியின் சண்டைக்கும் இத்தனை பேர் சமாதானத்துக்கு வந்ததில்லை. தையல்காரர் தன்பாட்டுக்கு மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் அண்ணன் வந்தார். ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு அவர் தம்பியின் முகத்தில் விழிப்பது அதுதான் முதல்முறை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"மனுஷன் கோவத்துல ஒரு வார்த்தை சொல்றதுதான் தம்பி" என்றார். "அதுக்காகக் கட்டினவரை விட்டுட்டு வந்து கடையில உக்காந்துக்கிறதா? நம்ம குடும்பத்துல இப்படி யாரும் செஞ்சதில்லை."

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். அவருக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது; 'கட்டினவர்' என்ற சொல்லை இந்த வாயிலிருந்து கேட்க முப்பது வருடம் ஆகியிருந்தது.

"உங்க வீட்டு வாசல்ல வந்த தார் ரோடு எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குப்பா" என்றார் அண்ணன், தலையை நிமிர்த்தாமல். "நல்லா இருக்கணும்."

தையல்காரர் கடையைப் பூட்டினார். அண்ணன் கூடவே வாசல்வரை வந்து, மாடிப்படியில் தம்பி ஏறி உள்ளே போகும்வரை கீழே நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.